அடையாளம் போட்ட நாலு மரங்கள்

யெட்லினா
27 ஏப்ரல் 1997

வெண்டெலீனுக்கு,

நீ சௌக்கியமாகத்தான் இருப்பாய், அதனால் அதைக் கேட்கவில்லை. கேட்க வேண்டியது ஒன்றுதான். எப்போது வருகிறாய்?

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை நீ நம் காட்டுச் சரிவில் வெட்டிப் போட்ட நாலு ஸ்ப்ரூஸ் மரங்களும் போட்ட இடத்தில் கிளையோடு கிடக்கின்றன. நேற்று ஏறிப் போய்ப் பார்த்தேன். பட்டை மேல் காப்பிப்பொடி தூவினது மாதிரி பழுப்புத் தூள். வண்டு குடியேறிவிட்டது. பொறிமரம் வைத்த வேலையில் உன்னைக் குறை சொல்ல மாட்டேன். பட்டை வண்டெல்லாம் நிற்கிற மரங்களை விட்டுவிட்டு உன் நாலு மரத்துக்குத்தான் வந்திருக்கிறது. ஆனால் பொறி வைத்தவன் வந்து எலியை எடுத்துப் போட வேண்டாமா? குஞ்சுகள் வளர்ந்து பறப்பதற்குள் பட்டையை உரித்து எரிக்க வேண்டும். இல்லாவிட்டால் அது பொறி இல்லை, பிரசவ ஆஸ்பத்திரி. அங்கிருந்து கிளம்பினால் நம் சரிவு முழுக்கத் தின்றுவிட்டுத்தான் நிற்கும்.

தோபியாஸ் ஒரே நாளில் உரித்துவிடுவார். ஆனால் நீ நாலு மரத்திலும் கோடரியால் அப்பாவின் குறியை வெட்டி வைத்திருக்கிறாய். போதாததற்கு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது எல்லார் முன்னாலும், "அந்த நாலும் என்னோடது. உன் வீட்டுக்காரர் கையும் படக்கூடாது, அவர் குதிரையும் தாண்டக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனாய். அடுத்தவன் குறி போட்ட மரத்தில் யெட்லினாக்காரன் கை வைப்பானா? என் புருஷன் பட்டினி கிடந்தாலும் வைக்க மாட்டார்.

குளிர்காலக் காற்றில் விழுந்த மரங்களை அவர் உன்னைக் கேட்காமல் இழுத்துப் போனார் என்று உனக்குக் கோபம். வருஷத்துக்கு ரெண்டு தடவை வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிற விருந்தாளி என்று நான் உன்னைச் சொன்னதில் இன்னும் கோபம். சொன்னது சொன்னதுதான். ஆனால் அதற்காகத் திங்கட்கிழமை காலையில் என் மேல் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றாமல் முதல் பஸ் ஏறிப் போவாயா? ஈஸ்டர் திங்களன்று வீட்டு ஆம்பளை ஊற்றுகிற தண்ணீர்தான் பொம்பளைக்கு அந்த வருஷத்து ஆசீர்வாதம்; அப்பா போனதிலிருந்து இந்த வீட்டில் முதல் தண்ணீர் உன்னுடையது. தோபியாஸ் வாளியோடு வந்தபோதுகூட, தம்பி ஊற்றட்டும், பொறுங்கள் என்று நிறுத்தினேன். ஊற்றுகிறவனுக்குக் கொடுக்க வண்ண முட்டையையும் கசகசா ரொட்டியையும் எடுத்து வைத்துவிட்டு, பழைய பாவாடையைக் கட்டிக்கொண்டு, நீ திரும்பி வருவாய் என்று மத்தியானம் வரை வாசலில் நின்றேன். கூடப்பிறந்தவன் இருந்தும் ஈஸ்டரில் காய்ந்து நின்றவள் இந்த ஊரில் நான் ஒருத்திதான்.

மே மாதம் முடிவதற்குள் வா.

ஒதீலியா


ஆஸ்திரியா, மலை முகாம்
8 மே 1997

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. விருந்தாளிகளுக்குக் கடிதம் எழுதும் வழக்கம் உங்கள் வீட்டில் இருப்பது சந்தோஷம்.

இங்கே இன்னும் முட்டி வரை பனி கிடக்கிறது. வண்டு தூங்குகிறது. அங்கே மட்டும் அதற்கு என்ன அவசரம் என்று தெரியவில்லை. மலைக்காட்டு வண்டு எப்போது முட்டையிடும், எப்போது பறக்கும் என்பது எனக்கும் தெரியும். நானும் யெட்லினாவில்தான் பிறந்தேன். ஞாபகம் இருக்கும் என்று நம்புகிறேன்.

முகாமில் மேஸ்திரி லீவு தருவதில்லை. வெட்டு நடக்கும்போது போனவன் திரும்பி வந்தால் அவன் கட்டிலில் வேறொருவன் படுத்திருப்பான். அது உங்களுக்குப் புரியாது, பரவாயில்லை.

காற்றில் விழுந்த மரங்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். மரத்துக்காகவா நான் சண்டை போட்டேன்? அந்தச் சரிவு நாற்பது வருஷத்துக்கு மேல் சர்க்காரிடம் இருந்தது. நம் தாத்தாவின் காட்டிலேயே அப்பா கூலிக்கு மரம் வெட்டினார். திரும்பக் கிடைத்தபோது அவர் இல்லை. இனி அங்கிருந்து இறங்குகிற முதல் மரத்தை நம் இரண்டு பேருக்கும் தெரிந்து இறக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், சரி என்று சொல்லியிருப்பேன். உங்கள் வீட்டுக்காரர் குதிரையிடம் கேட்டிருக்கிறார், என்னிடம் கேட்கவில்லை.

நாலு மரத்தையும் நானே வந்து உரிப்பேன். அதுவரை யாரும் தொட வேண்டாம்.

வெண்டெலீன்


யெட்லினா
17 மே 1997

வெண்டோ,

"நீங்கள்" போட்டு எழுதியிருக்கிறாய். அஞ்சு வயசு வரை உன் மூக்கைத் துடைத்துவிட்டவளுக்கு இந்த மரியாதை தாங்கவில்லை. அதை அங்கே உன் மேஸ்திரிக்குக் கொடு.

நீ இருக்கிற மலையில் பனி இருந்தால் எனக்கு என்ன? இங்கே ஆப்பிள் மரம் பூத்துக் கொட்டிவிட்டது. மூன்று வாரமாக நல்ல வெயில். உன் மலையைப் பார்த்து எங்கள் வண்டுக்கு நாள் குறிக்காதே.

வன அதிகாரி ரூட்னிக் செவ்வாய்க்கிழமை வந்தார். கத்தியால் பட்டையைக் கிளப்பிப் பார்த்தார். உள்ளே வெள்ளைப் புழு நெளிகிறது. நானும் தோபியாஸும் பக்கத்தில் நின்றோம்.

"யாரு உரிக்கப் போறா?" என்று கேட்டார்.

"குறி போட்டவன் வருவான்" என்றார் தோபியாஸ்.

"வரலைன்னா?"

தோபியாஸ் குதிரைக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். ரூட்னிக் என்னைப் பார்த்து, "உங்க ஊர்ல மரத்துக்கு இருக்கிற மரியாதை மனுஷனுக்குக் கிடையாதும்மா" என்றார். அவர் டவுன்காரர். காட்டு ரயில் ஓடின காலத்தில் எல்லாக் கும்பலின் மரமும் ஒரே பெட்டியில் கலந்து இறங்கியதும், குறியை வைத்துத்தான் யார் உழைப்பு எது என்று பிரித்ததும் அவருக்கு எப்படித் தெரியும்? அடுத்தவன் குறியைத் தொட்டவனோடு இந்த ஊர்ச் சாராயக்கடையில் யாரும் உட்கார்ந்து குடித்ததில்லை. தோபியாஸின் சித்தப்பா அப்படித்தான் ஊரை விட்டே போனார். அந்த வீட்டு மனுஷனிடம் போய், பரவாயில்லை, தொடுங்கள் என்று நான் எப்படிச் சொல்வேன்?

நீ வர முடியாவிட்டால் வராதே. ஒரே ஒரு வரி எழுது. "தோபியாஸ் உரிக்கலாம்" என்று எழுதி உன் பெயரைப் போடு. அன்றைக்கே வேலையை முடித்துவிடுகிறோம். அவர் கேட்காதது தப்புதான். அதை நான் அவரிடமும் சொல்லிவிட்டேன். சரிவு பிழைத்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போட்டுக்கொள்ளலாம்.

அக்கா


ஆஸ்திரியா, மலை முகாம்
29 மே 1997

அக்கா,

அந்த வரியை எழுத மாட்டேன். அவர் எழுதட்டும். "வெண்டெலீன், உரிக்கட்டுமா?" என்று அவர் கையால் கேட்டால் போதும். உடனே சரி என்று பதில் போடுகிறேன். எல்லாவற்றுக்கும் நீ நடுவில் வந்து நிற்காதே. தப்புதான் என்று நீ சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆம்பளைக்கு வாய் இல்லையா?

போன கோடையில் நான் அங்கே வந்திருந்தபோது அவர் என்னிடம் என்ன பேசினார் என்று யோசித்துப் பார்த்தேன். "வந்துட்டியா" என்றார். போகும்போது "கிளம்பிட்டியா" என்றார். நடுவில் ஒரு வாரம் இருந்தேன்.

ஜூன் 24, புனித யோவான் நாளுக்கு எப்படியாவது லீவு வாங்கி வருகிறேன். அன்றைக்கு மேட்டில் ஊரே நெருப்பு மூட்டுமே, உரித்த பட்டையை அதிலேயே போட்டுவிடலாம். அதுவரை வண்டு எங்கேயும் போகாது. நீ எப்போதும் எதையும் பெரிதாக்குவாய். அம்மாவுக்கு ஜலதோஷம் வந்தால் பாதிரியாரைக் கூப்பிட ஓடினவள் நீ.

ஈஸ்டர் தண்ணீர் விஷயம். விருந்தாளி தண்ணீர் ஊற்றலாமா என்று எனக்குத் தெரியவில்லை, அதனால்தான் போய்விட்டேன். பஸ்ஸில் ஏறினபோது பின்கண்ணாடி வழியாக நீ வாசலில் நிற்பது தெரிந்தது. இறங்கலாம் என்று தோன்றியது. இறங்கவில்லை.

வெண்டோ


யெட்லினா
10 ஜூன் 1997

வெண்டோ,

யோவான் நாள் ரொம்ப லேட். புழு முழு வண்டாகிக்கொண்டிருக்கிறது. ரூட்னிக் நேற்று மறுபடி பார்த்துவிட்டு, ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள் என்றார். நான் பெரிதாக்கவில்லை. அம்மாவுக்கு அன்றைக்கு வந்ததும் ஜலதோஷம் இல்லை, நிமோனியா.

உன் கடிதத்தைத் தோபியாஸிடம் படித்துக் காட்டினேன். பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். உன் பெயரை எழுதினார். சூப் ஆறிப்போகிற வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாளைக் கசக்கி அடுப்பில் போட்டுவிட்டு, "கேட்டிருக்கணும்தான். கேட்கல. ஆனா அத நான் எழுத மாட்டேன் ஒதீலியா, அவன் அத முகாம்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டுவான்" என்றார். இதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒன்றும் வராது. இதையே அவர் கேட்டதாக வைத்துக்கொள், உன் காலில் விழாத குறையாகச் சொல்கிறேன்.

இன்னொன்றும் நடந்தது. முந்தாநாள் பட்டை உரிக்கும் உளியை எடுத்துக்கொண்டு நானே மேலே போனேன். முதல் மரத்தின் அடியில் உளியை வைத்து ஒரு கை அகலம் கிளப்பினேன். அப்புறம் அந்தக் குறி கண்ணில் பட்டது. அப்பாவின் ரெண்டு வெட்டும் குறுக்குக் கோடும். அவர் எனக்கும்தான் அப்பா. அந்தக் குறியை உனக்கு மட்டும் சொந்தம் என்று வெட்டி வைத்துவிட்டு, யாரும் தொடாதே என்கிறாய். என்னையும் சேர்த்துத்தான் சொன்னாயா என்று நினைத்தபோது எனக்கு அப்படி ஆத்திரம் வந்தது. போட்டவனே வந்து உரிக்கட்டும் என்று உளியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். வழியெல்லாம் அழுகை.

வா. அல்லது எழுது. இரண்டில் ஒன்று செய்.

அக்கா


ஆஸ்திரியா, புது முகாம்
23 ஜூன் 1997

அக்கா,

முகாமை வேறு பள்ளத்தாக்குக்கு மாற்றிவிட்டார்கள். உன் கடிதம் பழைய இடத்துக்குப் போய், அங்கே கிடந்து, இன்றைக்குத்தான் ரொட்டி வண்டியில் வந்தது.

அத்தான் உரிக்கலாம். நீ உரிக்கலாம். யார் வேண்டுமானாலும் உரிக்கலாம். இதை எழுதிவிட்டுக் கீழே நடந்து போய்த் தந்தியும் கொடுக்கப் போகிறேன். நாளைக்கு யோவான் நாள், எனக்கு லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

உன்னைச் சேர்த்துச் சொல்லவில்லை. சத்தியமாக உன்னை நினைத்துச் சொல்லவில்லை. சீக்கிரம் உரியுங்கள்.

வெண்டோ


யெட்லினா
7 செப்டம்பர் 1997

வெண்டெலீனுக்கு,

சரிவை வெட்டுவதற்கு நீ கையெழுத்துப் போட்டு அனுப்பின காகிதம் போன மாதமே கிடைத்தது. இந்தத் தடவை நாலே நாளில் வந்துவிட்டது.

தந்தி வந்த அன்று என்ன நடந்தது என்று நான் உனக்கு எழுதவில்லை. எழுத மனசு வரவில்லை. தோபியாஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். படித்ததும் கரண்டியைப் போட்டுவிட்டு உளியை எடுத்துக்கொண்டு ஓடினார், நான் பின்னால் ஓடினேன். அவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. உரித்தோம். பட்டை கையால் இழுத்ததுமே சும்மா வந்தது. வெளிப்பக்கம் முழுக்கக் குண்டூசித் துளை, உள்ளே ஒன்றும் இல்லை. எல்லாம் பறந்துவிட்டது. அவர் மரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு, "காலி வீட்டைப் பெருக்குறோம்" என்றார். ஆனாலும் நாலையும் உரித்து எரித்துவிட்டுத்தான் இறங்கினார்.

ஜூலையில் உச்சி மரங்கள் வெளிறின. ஆகஸ்டில் சரிவு முழுக்க ஊசியிலை காய்ந்து சிவப்பு. ஊர் ஜனங்கள் பாலத்தில் நின்று பார்த்துவிட்டுப் பேசாமல் போனார்கள். அது திட்டினதை விட மோசம். பக்கத்துக் காட்டுக்குப் பரவுவதற்குள் எல்லாவற்றையும் வெட்டச் சொல்லி ரூட்னிக் உத்தரவு போட்டார், வெட்டியாகிவிட்டது. கடைசி மரங்களை இறக்கும்போது கட்டை உருண்டு தோபியாஸின் கால் முறிந்தது. கட்டுப் போட்டுப் படுத்திருக்கிறார்.

சமையலறை ஜன்னலில் இப்போது சாயங்காலம் வரை வெயில் அடிக்கிறது. பிறந்ததிலிருந்து அந்த ஜன்னலுக்குத் திரை தேவைப்பட்டதில்லை. நேற்று ஒன்று தைத்து மாட்டினேன்.

இனிமேல் இங்கே யாரும் உன்னைக் கேட்காமல் இறக்குவதற்கு ஒரு மரமும் இல்லை. நிம்மதியாக இரு.

ஒதீலியா


ஆஸ்திரியா, புது முகாம்
20 அக்டோபர் 1997

அக்கா,

எல்லாப் பழியையும் என் தலையில் போட்டுவிட்டாய். போடு. ஆனால் நீயும்தானே உளியோடு போனாய்? அப்பாவின் குறி உனக்கும் சொந்தம் என்று நீயே எழுதினாய். அப்புறம் ஏன் உரிக்கவில்லை? உன் சொந்த மரத்தை உரிக்க உனக்கு என் தந்தி எதற்கு? அத்தானும் ஒரு வரி எழுதியிருக்கலாம். ஒரு வரிதான். மூன்று பேரும் சேர்ந்துதான் அந்தச் சரிவை வண்டுக்குக் கொடுத்தோம், நான் மட்டும் இல்லை.

ரெண்டு மாதமாக இதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். எழுதிப் பார்த்துவிட்டேன், பாரம் ஒன்றும் இறங்கவில்லை.

இங்கே தினமும் யாருடையது என்றே தெரியாத மரங்களை வெட்டுகிறேன். ஒன்றுக்கும் மனசு அசைவதில்லை. நேற்று மேஸ்திரி பொறிமரங்களைக் காட்டி உரிக்கச் சொன்னான். எங்களூரில் யார் குறி போட்டார்களோ அவர்கள்தான் உரிக்க வேண்டும் என்றேன். குறியா, என்ன குறி என்று கேட்டுச் சிரித்தான். நான் உரித்தேன். பாதி நாள்கூட ஆகவில்லை அக்கா. பாதி நாள் வேலை.

கல்லறைத் திருநாளுக்கு வர மாட்டேன். அப்பா சமாதியில் நின்றால் எதிரில் சரிவு தெரியும். அங்கே நின்று என்னால் மெழுகுவர்த்தி ஏற்ற முடியாது. அத்தான் கால் எப்படி இருக்கிறது என்று எழுது.

வெண்டோ


யெட்லினா
22 மார்ச் 1998

வெண்டோ,

உன் கடிதத்தைப் படித்ததும் வந்த கோபத்தில் அப்பாவின் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு சரிவுக்குப் போனேன். யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது, யாரும் இல்லாததால் மண்ணைத் தோண்டினேன். மறுநாளும் போனேன். பனி விழுகிற வரை தினமும் போனேன். திட்டிக்கொண்டே தோண்டினேன். முதலில் உன்னை, அப்புறம் தோபியாஸை, சரிவின் மேல் ஓரத்துக்குப் போனபோது என்னை. நீ கேட்டது சரிதான். எனக்கு எதற்கு உன் தந்தி? இதை நான் ஒரு தடவைதான் சொல்வேன்.

குழி எல்லாம் தயாராக இருக்கிறது. பனி உருகினதும் ரூட்னிக் கன்று தருகிறார். பீச், ஃபிர், மேப்பிள், கொஞ்சம் ஸ்ப்ரூஸ். கலந்து வைத்தால் ஒரே வண்டு எல்லாவற்றையும் தின்னாது என்கிறார். உன் பாகம் என் பாகம் என்று பார்த்து நான் தோண்டவில்லை, கண்டபடி தோண்டியிருக்கிறேன், நீயே வந்தாலும் பிரிக்க முடியாது.

இப்போது பிரச்சினை என் முதுகு. குழி தோண்டினதிலேயே அது போய்விட்டது. குனிந்தால் நிமிர முடியவில்லை. நம் ஊர் நடவு உனக்குத் தெரியும். ஆம்பளை முன்னால் குழி திறந்துகொண்டு போவான், பொம்பளை பின்னால் மண்டியிட்டுக் கன்று வைத்துக்கொண்டு வருவாள். ஆம்பளை வேலையை நான் முடித்துவிட்டேன். மிச்சத்தை யார் செய்வது என்றுதான் தெரியவில்லை. தோபியாஸ் தடி ஊன்றி நடக்கிறார், அந்த மேட்டில் ஏற முடியாது. மண்டியிடவும் முடியாது. கூலிக்கு ஆள் வைக்கலாம் என்றேன். "நம்ம சரிவுல வெளியாள் எதுக்கு, அவன்கிட்ட கேளு" என்றார். பெயர் சொல்லவில்லை, ஆனால் உன்னைத்தான் சொன்னார்.

நான் விருந்தாளியைக் கூப்பிடவில்லை. வந்தால் வேலை செய்யத்தான் வரவேண்டும், ரொட்டி எல்லாம் அப்புறம்தான்.

அக்கா


ஆஸ்திரியா
3 ஏப்ரல் 1998

அக்கா,

கணக்கை முடித்துக்கொண்டு கிளம்புகிறேன். என் கட்டிலில் இந்நேரம் வேறொருவன் படுத்திருப்பான், படுக்கட்டும்.

கன்று வைக்க நான் வருகிறேன். பொம்பளை வேலை செய்கிறான் என்று ஊர் சிரிக்கும். கீழே பாலத்திலிருந்து பார்த்தாலே நான் மண்டியிட்டுப் போவது தெரியும், மறைக்க ஒரு மரம்கூட இல்லை. தெரியட்டும். மண்டியிட்டே மேல் ஓரம் வரை போகிறேன். நீ பின்னால் நடந்து வந்து, சரியாக மிதிக்கவில்லை, வேர் மடிந்திருக்கிறது என்று திட்டிக்கொண்டே வா.

அத்தானிடம் நான் கேட்டதாகச் சொல், எந்த ஓரத்திலிருந்து ஆரம்பிக்கட்டும் என்று. அவர் சொல்கிற இடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

இன்னும் எனக்குக் கோபம் இருக்கிறது. உனக்கும் இருக்கும். அதையும் எடுத்துக்கொண்டுதான் வருகிறேன், வைத்துவிட்டு வர முடியவில்லை.

ஈஸ்டர் திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் இறங்குவேன். வாளி கிணற்றடியில்தானே இருக்கும்? அத்தானை அன்றைக்கும் பொறுக்கச் சொல். மாற்றுத் துணி எடுத்து வை.

வெண்டோ